மதுரை காண வருவார்க்கு

மதுரைக்கு வருவோருள் பெரும்பாலோர் விடியலிற் புகைவண்டியை விட்டிறங்கி, 9 மணிக்குக் கோயிலும் 11 மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலும் கண்டு, நண்பகல் உணவு கொண்டவுடன் இராமேசுவரத்துக்கோ கொடைக்கானலுக்கோ புறப்பட்டு விடுகின்றனர். தம் ஊர் மீண்டபின் மதுரை கண்டோம் என்பர். அவர் கூற்றைப் பொய்யென்று சொல்ல யாம் துணியோம். ஆயினும், திண்ணையில் அமர்ந்து நீர் பருகிச் சென்ற ஒருவர், அம்மனையிலுள்ளார் அனைவரையும் அறிவேன் என்று உரைப்பது எத்துணைப் பொருந்துமோ, அத்துணையே இதுவும் பொருந்தும். இவ்வாறு அரைநாளிற் காண்டலால் வருவார்க்கு உண்டாகும் இழப்பு ஒருபுறமிருக்க, ஊர்க்கு உண்டாகும் இழப்பு அதனினும் பெரிது என்பது எம் கருத்து. மதுரையை எங்ஙனம் காணவேண்டும் என்பதை முதலிற் கூறி, அங்ஙனம் காணாமையால் விளையும் கேட்டைப் பின்னர்க் கூறுவாம்.

ஊர் காண வருவார்க்கு வழி கூறுதல் தமிழர்க்குப் புதிய செயலன்று. அதற்கென்றே நம் முன்னோர் ஆற்றுப்படை என்றொரு நூல்வகை வகுத்தனர். சென்று பயன்பெற்று மீண்ட ஒருவன், செல்ல விழையும் மற்றொருவனுக்குச் சேரிடத்தைச் சொல்வதோடு அமையாது, இடைவழியில் உள்ள நிலம் எத்தகையது, அங்கு வாழ்வார் யாவர், அவர் இடும் உணவு யாது என்பனவற்றையும் எடுத்துரைப்பான். இன்றைய வழிகாட்டி நூல்களோ காணத்தக்க பொருள்களை வரிசைப்படுத்தி, அவற்றிற்கு இடையேயுள்ள ஊரை விட்டுவிடுகின்றன. சிலப்பதிகாரத்துக் கோவலன் மதுரையை அடைந்தவுடன் செய்தது யாது? கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் புறஞ்சேரியில் விட்டுத் தனியே நகருட் புகுந்து, கடைத்தெருக்களையும் கூலவீதியையும் பிற வீதிகளையும் நடந்தே கண்டு மீண்டான். அவன் பின்னர் உற்ற துயரம் வேறு; ஊர் காணும் முறையை அவன் நன்கு அறிந்திருந்தான்.

ஆதலின் யாம் கூறும் முதல் விதி, நடந்து காண்க என்பதே. மதுரையின் உள்நகர் தெரியாதார்க்குச் சிக்கல்போல் தோன்றினும், அதன் அமைப்புச் சிறு குழந்தைக்கும் விளங்கத்தக்கது. கோயில் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி. மதிலைச் சூழச் சித்திரை வீதி. அதனைச் சூழ ஆவணி மூல வீதி. அதற்கும் அப்பால் மாசி வீதி. எல்லாவற்றிற்கும் புறத்தே வெளி வீதி. இவை ஒவ்வொன்றும் கீழ், மேல், தென், வட என்னும் திசைப்பெயர் பெற்று நான்காய் விரியும். திருவிழா நடைபெறும் திங்களின் பெயரே வீதிக்குப் பெயராயிற்று. ஆண்டின் திங்களைத் தெருவில் எழுதி வைத்த ஊர் இதுவாகலின், எவ்விடத்து நின்றாலும் கோபுரம் நோக்கி நடப்பார் வழி தவறார். இந்நாளிற் சித்திரைத் தேர் மாசி வீதியில் ஓடுதல் கண்டு வியப்பார்க்கு ஒன்று கூறுவாம்: மாசியில் நிகழ்ந்த பெருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றி, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார் என்பது இவ்வூர் வழக்கு. விழா மாறியும் வீதியின் பெயர் மாறவில்லை.

கோயிலுக்கு அதிகாலையிற் செல்லுக, நண்பகலிற் செல்லற்க. நண்பகலின் பின் நடை சாத்தி மாலையிலேதான் மீண்டும் திறப்பர். 2018 ஆம் ஆண்டு பிப்ரவரி 2 ஆம் நாள் இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றிக் கற்றூண்கள் வெடித்துச் சிதைந்தன. அதன்பின் கைப்பேசியை உள்ளே கொண்டு செல்லுதல் தடுக்கப்பட்டுள்ளது. இத்தடையை வருவோர் பலர் குறை கூறுவர். யாம் அதனை நன்மையென்றே கருதுகின்றோம். கருவி கையில் இல்லாதபோதுதான் கண் தன் தொழிலைச் செய்கின்றது. கிறித்தவராகிய எம்போல்வார் கருவறை வரை செல்லுதல் இங்கு வழக்கமன்று. அவ்வழக்கத்தை மதித்து எல்லையில் நிற்றல் விருந்தினர் கடன். அவ்வெல்லைக்கு இப்பாலும் பல நாள் காணத்தக்கவை உள. ஆயிரக்கால் மண்டபம் எனப் பெயர்பெற்றதில் உள்ள தூண்கள் 985 என்பர். 1569 இல் அரியநாத முதலியார் எடுப்பித்தது அது. கீழைக்கோபுரம் பாண்டியர் காலத்தது. தெற்குக் கோபுரமோ ஏறத்தாழ 170 அடி உயர்ந்து எல்லாவற்றையும் விஞ்சி நிற்பது.

இக்கோயில் வாயிலில் நிற்பார் மற்றொரு நாளையும் நினைத்தல் வேண்டும். 1939 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 8 ஆம் நாள், அ. வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுகாறும் உட்புக இசைவு மறுக்கப்பட்ட வகுப்பினர் சிலர் இவ்வாயில் வழியே சென்று வழிபட்டனர். பின்னாளில் அமைச்சராய் விளங்கிய பி. கக்கன் அவர்களும் அக்குழுவில் ஒருவர். பல நூற்றாண்டு நின்ற கல்வாயில் ஒன்று, மக்களுட் பலர்க்கு முதன்முதல் திறந்த நாள் அது. கோபுரத்தின் உயரத்தை அளந்து கூறும் வழிகாட்டிகள் இதனைக் கூறாது விடுதல் எமக்கு வருத்தம் தருகின்றது.

கோயிலின் கீழ்த்திசையிற் புதுமண்டபமும், அதற்கப்பால் முற்றுப்பெறாது நின்றுவிட்ட இராயகோபுரமும் உள. இவ்விரண்டும் நாயக்கர் காலத்தன. புதுமண்டபத்துத் தூண்களினிடையே தையற்காரரும் புத்தகக் கடைக்காரரும் பாத்திரக் கடைக்காரரும் நெடுங்காலம் வாணிகம் செய்தனர்; சில ஆண்டுகளுக்கு முன் அக்கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. இராயகோபுரத்தின் அடியை மட்டும் கண்டு, மேலே எழாத கோபுரத்தை மனத்தால் எழுப்பிப் பார்க்க வல்லார்க்கு அது முற்றிய கோபுரத்தினும் மிக்க இன்பம் தரும்.

அங்கிருந்து தெற்கு நோக்கி நடப்பின் மகாலை அடையலாம். 1636 ஐ ஒட்டி எழுந்த அரண்மனையில் இன்று நிற்பது ஏறக்குறைய நான்கில் ஒரு பகுதியே. சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றியபோது பல பகுதிகளைப் பெயர்த்தெடுத்தார் என்பர். எஞ்சியதனைச் சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபு 1866 முதற் சில ஆண்டுகளிற் செப்பனிடுவித்தார். பெயர்த்தெடுத்த பகுதி எத்துணைப் பெரிது என்று அறிய விரும்புவார், விளக்குத்தூண் அருகே கடைகளின் நடுவே ஒரு சந்தினுள் நிற்கும் பத்துத் தூண்களைத் தேடிச் செல்லுக. துணிக்கடைப் பலகைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் இடையே, தாங்கும் கூரை ஏதுமின்றி அவை நிற்கின்றன. மகாலிற் சீட்டுப் பெற்று உட்புகுவாருள் மிகச் சிலரே இச்சந்தை அறிவர்.

விளக்குத்தூணுக்கும் ஒரு வரலாறு உண்டு. மதுரைக்கு ஒருகால் அகழியும் கொத்தளமும் உடைய கோட்டை இருந்தது. 1840 ஐ அடுத்த ஆண்டுகளிற் கலெக்டர் பிளாக்பர்ன் அதனை இடிப்பித்து, அகழியைத் தூர்ப்பித்து, நகரை விரிவாக்கினார். அவர் நினைவாக நிறுவப்பட்டதே அத்தூண். அப்பணியில் உடனிருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி என்போர் பெயர்களை இரு வீதிகள் இன்றும் தாங்குகின்றன. பெரியார் பேருந்து நிலையத்தருகே எஞ்சியுள்ள கொத்தளம் ஒன்றே கோட்டைக்குச் சான்று. நெருக்கமுற்ற நகர்க்குக் காற்றும் இடமும் வேண்டியிருந்தன என்பது மெய். பிளாக்பர்னை வெறுமனே பழித்தல் நேர்மையன்று. ஆனால், இடித்த பின்னர் மீண்டும் எழுப்புதல் இயலாது என்னும் உண்மையை அக்கொத்தளம் நாள்தோறும் பேருந்தேறுவார்க்கு அறிவுறுத்திக்கொண்டே நிற்கின்றது.

இரவில் உறங்கச் செல்லற்க என்பது எம் அடுத்த விதி. பத்துப்பாட்டுள் மிக நீண்டதாகிய மதுரைக்காஞ்சி 782 அடிகளால் இயன்றது. பகற்கடையை நாளங்காடி என்றும் இரவுக்கடையை அல்லங்காடி என்றும் பிரித்து, இரவின் யாமந்தோறும் இந்நகர் என்ன செய்தது என்பதை அது காட்டுகின்றது. அந்நூலைக் கற்பார் நள்ளிரவில் மாசி வீதிகளில் நடப்பின், உரையாசிரியர் உதவியின்றியே பல பகுதிகள் விளங்கக் காண்பர். ஆவி பறக்கும் இட்டலியும், தட்டும் ஓசை தெருமுனை வரை கேட்கும் கொத்துப் பரோட்டாவும், வெயிற்காலத்து ஜிகர்தண்டாவும், மழைக்காலத்துச் சுக்கு மணக்கும் பருத்திப்பாலும் இவ்வூர்க்கே உரிய விருந்து. விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குச் சென்று மல்லிகை கொட்டி அளக்கப்படுதலைக் காண்பார், மதுரை மல்லிக்கு 2013 இற் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றதன் காரணத்தைத் தம் மூக்கால் அறிவர். சௌராட்டிர மக்கள் முடிச்சிட்டுச் சாயம் தோய்க்கும் சுங்குடிச் சேலையும் அத்தகைய குறியீடு பெற்றதே.

இரண்டாம் நாளை அண்மைக் காலத்து மதுரைக்கு ஒதுக்குக. மேல மாசி வீதியில் 251 ஆம் எண்ணுள்ள வீட்டு மாடியில் தங்கியிருந்தபோதுதான் காந்தியடிகள் அரையாடை ஒன்றே உடுப்பதென்று உறுதி பூண்டார். 1921 செப்டம்பர் 22 ஆம் நாள் அவ்வுடையோடு மக்கள்முன் வந்தார். அவர் இறுதியில் குண்டுபட்டபோது அணிந்திருந்த குருதிக்கறை படிந்த ஆடை, வைகையின் வடகரையில், இராணி மங்கம்மாளோடு தொடர்புடைய தமுக்கம் அரண்மனையில் 1959 இல் திறக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகத்தில் உள்ளது. அவ்வாடையை அணியத் தொடங்கிய இடமும் அது வந்தடைந்த இடமும் ஓரூரில் அமைந்தமை நினைக்குந்தோறும் நெஞ்சை உருக்குவது. தமிழ் கற்பார் 1901 இற் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச்சங்கத்தையும், 1904 இற் பாரதியார் சில திங்கள் ஆசிரியராயிருந்த சேதுபதி உயர்நிலைப் பள்ளியையும் காணாது மீளற்க. இராபர்ட் தெ நொபிலி 1606 இல் வந்து தமிழ் கற்றதும் இவ்வூரிலேயே ஆம். ஆற்றைக் கடக்கும்போது 1889 இல் அமைந்த பாலத்தின்மேற் சிறிது நில்லுக. பரிபாடல் போற்றிய வைகை பல திங்கள் மணலும் முட்செடியும் கழிவுநீருமாய்க் கிடத்தலைக் காணலாம். அக்காட்சியை விருந்தினர்க்கு மறைத்தல் ஆகாது. அழகைக் காட்டி அழிவை மறைப்பவன் நல்ல வழிகாட்டியல்லன்.

மூன்றாம் நாள் மலைகளுக்கு உரியது. நகரின் மேற்கே கீழக்குயில்குடியிற் சமணர்மலை உள்ளது. அடிவாரத்துத் தாமரைக்குளமும் ஐயனார் கோயிலும் கடந்து ஏறின், பேச்சிப்பள்ளத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாய்ச் செதுக்கப்பட்டிருத்தலையும், அவற்றின் அடியில் செய்வித்தோர் பெயர் வட்டெழுத்தில் உள்ளமையையும் காணலாம். மற்றொரு குகையிலுள்ள பெரிய உருவத்தைச் செட்டியார் என்று ஊரார் கருதியமையால் அவ்விடம் செட்டிப்புடவு எனப் பெயர் பெற்றது என்பர். வடகிழக்கே ஆனைமலை, அங்குள்ள நரசிங்கர் குடைவரையை மாறன்காரி என்னும் அமைச்சன் தொடங்க, அவன் தம்பி மாறன் எயினன் முடித்தான் என்பதைக் கி.பி. 770 ஐச் சார்ந்த கல்வெட்டுக் கூறும். மேலூர்ப் பக்கத்து மாங்குளத்திற் பாறைப் படுக்கைகளும், நெடுஞ்செழியன் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டுகளும் உள. 1882 இல் இராபர்ட் சூவெல் அவற்றை உலகுக்கு அறிவித்தார். இத்தகைய குகை எழுத்துகளின் மொழி தமிழே என்பதை 1924 இற் கே. வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துரைத்தார். பொழுது எஞ்சின் சிவகங்கை மாவட்டத்தைச் சார்ந்த கீழடிக்குச் செல்லுக. 2023 இல் அங்கே திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்தில், ஓடுகளில் தம் பெயர் கீறி வைத்த பண்டை மக்களின் கையெழுத்தைக் காணலாம்.

இனி, இவற்றையெல்லாம் காண வேண்டுவது ஏன் என்பதைக் கூறுவாம். மனிதர் காணாத பொருள் எளிதில் அழியும். கோயிலையும் மகாலையும் இடிக்க இன்று எவரும் துணியார். நாள்தோறும் பல்லாயிரவர் அவற்றைக் காண்கின்றனர் என்பதே அவற்றிற்குக் காவல். சந்தினுள் நிற்கும் தூண்களுக்கும் ஊர்ப்புறத்து மலைகளுக்கும் அக்காவல் இல்லை. மேலூர்ப் பகுதியில் கருங்கல் வெட்டுவார் குன்றுகளைக் குழிகளாக்கினர். அங்கு நிகழ்ந்த முறைகேடுகளை ஆராய 2014 இல் உயர்நீதிமன்றம் உ. சகாயம் அவர்களை நியமிக்கும் நிலை வந்தது. பின்னர், 2022 நவம்பரிற் பல்லுயிர்ப் பாரம்பரிய இடமாகத் தமிழ்நாட்டிலேயே முதற்கண் அறிவிக்கப்பெற்ற அரிட்டாபட்டியை உள்ளிட்ட நிலப்பரப்பில் டங்ஸ்டன் தோண்டும் உரிமை 2024 நவம்பரில் ஏலத்தில் வழங்கப்பட்டது. பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயிலும், சமணர் படுக்கையும், தமிழிக் கல்வெட்டும், சுனைகளும், கழுகினங்களும் ஒருங்கே அமைந்த மலை அது. அங்குள்ள உழவரும் மகளிரும் முதியோரும் திரண்டெழுந்தனர். 2025 சனவரி 7 ஆம் நாள் மதுரை நோக்கி நடந்து வந்தனர். அத்திங்களிலேயே அவ்வேலம் நீக்கப்பட்டது. அம்மலையைக் காத்தவர் அதன் ஒவ்வொரு சுனைக்கும் பெயர் அறிந்தவர்கள். பெயர் அறியாத ஒன்றுக்காக எவரும் வெயிலில் நடவார். ஊரை நன்கு காண்டல் ஊரைக் காக்கும் செயலின் தொடக்கம் என யாம் கூறுவது இதுபற்றியே.

இதற்கு மூன்று தடைகள் எழலாம். முதலாவது, மூன்று நாள் தங்கப் பொழுதும் பொருளும் ஏது என்பது. மலைகளுக்கும் கீழடிக்கும் பேருந்து உண்டு. வீதிகளில் நடப்பதற்குக் கட்டணம் ஏதுமில்லை. ஒரு நாளே உடையார் மகாலோடு பத்துத்தூணையும், கோயிலோடு ஒரு மலையையுமேனும் காண்க. இரண்டாவது, மிகப் பலர் சென்றால் மலைகள் கெடுமே என்பது. இது வலிய தடையே. இரண்டாயிரம் ஆண்டுப் படுக்கைகளின்மேல் தம் பெயரையும் காதலியின் பெயரையும் கீறிச் சென்றோர் உளர். ஆயினும் அவர் கேடு செய்தது அவ்விடத்தின் பெருமையை எவரும் சொல்லாமையால் என்றே நினைக்கின்றோம். வழிகாட்டியின்றித் திறந்து விடுதலும் தீது. மறைத்து வைத்தலும் தீது. அறிந்தோர் ஒருவர் உடன்சென்று காட்டுதலே நன்று. மூன்றாவது, பிற சமயத்தார் கட்டியவற்றில் கிறித்தவ மாணவர்க்கு என்ன உரிமை என்பது. சமணர் கல்லில் எழுதியதும், கோரிப்பாளையத்துத் தர்காவும், கோபுரமும், நாம் கற்கும் தமிழும் இம்மண்ணின் ஒரு வரலாற்றின் பகுதிகள். அயலார் வீட்டுத் தீயை அணைக்க ஓடுவார் அவர் சமயத்தை வினவி ஓடுவாரல்லர்.

நம் கல்லூரியாரிடம் ஒரு வேண்டுகோள் உடையேம். ஒவ்வோராண்டும் வெளியூர்களினின்று எத்துணையோ மாணவர் இங்கு வந்து சேருகின்றனர். அவருட் பலர் மூவாண்டு முடித்து விடுதி, நூலகம், புகைவண்டி நிலையம் என்னும் மூன்று இடங்களையே அறிந்து செல்வர். விடுமுறை நாள்களில் தமிழ், வரலாறு, விலங்கியல் மாணவர் ஒன்றுகூடிப் புதிய மாணவரையும் வருகின்ற விருந்தினரையும் நடத்திச் சென்று காட்டும் குழு ஒன்று நம் கல்லூரியில் அமைதல் வேண்டும். தமிழி எழுத்தையும் வட்டெழுத்தையும் படிக்க ஆனர்ஸ் வகுப்பினர் அனைவரும் பயிலுதல் வேண்டும். மலையேறிக் கல்வெட்டின்முன் ஊமராய் நிற்றல் தமிழ் கற்பார்க்கு அழகன்று. பழைய மாணவர்களாகிய பெரியோர் தம் இளமையிற் கண்ட மதுரையை, மறைந்துபோன குளத்தையும் தெருவையும் குறித்து, இம்மலருக்கு எழுதி உதவுதல் வேண்டும். அரசினர் பலகை நாட்டும் வரை காத்திருத்தல் வேண்டா.

பண்டைக் காலத்து ஆற்றுப்படுத்துவான் தான் பெற்ற வளத்தைப் பிறரும் பெறுக என்று வழி காட்டினான். நாம் காட்டும் வழியில் வருவார்க்குப் பொற்றாமரைப் பூவும் பெருநிதியும் கொடுக்கும் அரசர் இன்று இல்லை. நடந்து களைத்த காலும், சுனைநீரும், படிக்கக் கற்ற ஓரிரு கல்லெழுத்துமே அவர் பெறும் பரிசில். அவற்றைப் பெற்றுச் செல்வோர் எத்திசையில் வாழினும், இம்மலைகளுள் ஒன்றுக்கு இடர் வந்ததென்று கேட்கும் நாளில் வாளாவிரார் என்பது எம் துணிபு.